செக் இன்ஜின் லைட்: பி0102, பி0113 சேர்ந்தே வருகிறது

பாம்பன் லோடு:
அண்ணன்மாரே, என்னுடையது பிஎஸ்4 டீசல் பிக்கப். பாம்பனில் மீன் ஏற்றி மதுரைக்கு ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாக இன்ஜின் லைட் எரிகிறது, இழுவையும் இல்லை. ப்ளூடூத் ஸ்கேனரில் பி0102, பி0113 என்று இரண்டு ஃபால்ட் கோட். பட்டறையில் ஏர் ஃப்ளோ சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பரமக்குடி டிரைவர்:
கோட்களை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்ப வராவிட்டால் பிரச்சினை இல்லை.

மண்டபம் எலெக்ட்ரீஷியன்:
தம்பி, இப்போதைக்கு அழிக்க வேண்டாம். கோட் விழுந்த நேரத்தில் வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு எவ்வளவு என்பது ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் போனில் படம் எடுத்து வையுங்கள்.

சென்சர் வாங்கவும் அவசரம் வேண்டாம். 0102 என்றால் காற்றின் அளவைப் பார்க்கும் சென்சரின் சிக்னல் மிகக் குறைவு. 0113 என்றால் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சரின் சிக்னல் மிக அதிகம். சென்சர் செத்துவிட்டது என்று இரண்டும் சொல்லவில்லை. பல டீசல் வண்டிகளில் ஏர் ஃபில்டரை அடுத்து இந்த இரண்டும் ஒரே கூட்டுக்குள், ஒரே கப்ளரில்தான் (வயரைச் சென்சரோடு மாட்டும் இணைப்பு) இருக்கும். அந்தக் கப்ளரைக் கழற்றிவிட்டால் இதே ஜோடிதான் விழும். என் சந்தேகம் அதன் மேல்தான்.

ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் இன்டேக் வெப்பத்தை, அதாவது உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். நம் வெயிலில் மைனஸ் 40 டிகிரி காட்டினால் மின்பாதை எங்கோ விட்டுப்போயிருக்கிறது. குளிரக் குளிர அந்த சென்சரின் மின்தடை கூடும். வயர் விட்டுப்போனாலும் கம்ப்யூட்டர் கடுங்குளிர் என்றே எடுத்துக்கொள்ளும்.

மீன் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கரையோரம் நிறுத்தும் வண்டிகளில் கப்ளருக்குள் உப்பு இறங்கி, பின்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். சாவியை ஆஃப் செய்து, கப்ளரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ரப்பர் சீல் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சென்சருக்குள் இருக்கும் மெல்லிய கம்பியில் விரல் படக்கூடாது. டெஸ்ட் பண்ணுகிறேன் என்று யாராவது வயரின் தோலில் ஊசி குத்த வந்தால் தயவுசெய்து விடாதீர்கள். அந்த ஓட்டை வழியே உப்பு ஈரம் செம்புக்குப் போய், ஆறு மாதத்தில் வயரே அரித்துவிடும்.

பாம்பன் லோடு:
மைனஸ் 40தான் அண்ணே! கப்ளரை அசைத்தால் 38க்கு வருகிறது, காற்று அளவும் கூடவே வருகிறது. கையை எடுத்தால் இரண்டும் விழுந்துவிடுகிறது. களிம்பும் இருக்கிறது.

மண்டபம் எலெக்ட்ரீஷியன்:
அப்படியென்றால் சென்சருக்கு உயிர் இருக்கிறது. சுத்தம் செய்தும் ரீடிங் ஆடினால் உள்ளே பின்னின் பிடி தளர்ந்திருக்கும். கப்ளரை மட்டும் வயரோடு மாற்றினால் போதும். ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் குழாய்) போடச் சொல்லுங்கள். அப்புறம் கோட்களை அழித்துவிட்டு லோடு ஏற்றுங்கள்.