ஒரு மேயரால் உண்மையில் எவ்வளவு செய்ய முடியும்?

பெரம்பூர் பையன்:
நியூயார்க்கில் சோரான் மம்தானி மேயரானதிலிருந்து ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸுக்குக் கட்டணம் கிடையாது, வாடகை ஏறாது என்று சொல்லி ஜெயித்தவர். ஒரு மேயரால் இதெல்லாம் முடியுமா? அப்படி ஒருவர் நம்ம சென்னைக்கு வந்தால் என்ன மாறும்? 2022-ல்தான் நான் முதல்முறை மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். மேயருக்குத் தனி ஓட்டு இல்லை என்பதே பூத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

29சி பயணி:
எனக்குத் தெரிந்தது பஸ் கதைதான். அங்கே பஸ் ஓட்டும் எம்டிஏ மாநில அரசின் பிடியில் இருக்கிறது. மாநிலத் தலைநகர் ஆல்பனியில் இருக்கும் ஆளுநரும் (நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி, மக்கள் தேர்ந்தெடுப்பவர்) சட்டமன்றமும் பணத்துக்கு வழி விடாமல் மேயர் தனியாகக் கட்டணத்தை எடுக்க முடியாது. இங்கேயும் மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாநில அரசுடையதுதான். பெரம்பூரில் ஏறி அடையாறில் இறங்குகிறேன், கண்டக்டர் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அது 2021 மே மாதம் முதலமைச்சர் போட்ட கையெழுத்து. அன்றைக்குச் சென்னைக்கு மேயரே கிடையாது!

ஓய்வுபெற்ற டீச்சர்:
தம்பி, மாநகராட்சிப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் பாடம் எடுத்தவள் நான். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை பிரேயரில் ஏதாவது ஒரு பிள்ளை மயங்கி விழும். தண்ணீர் தெளித்து, "என்னடா சாப்பிட்டே?" என்று கேட்டால் தலை குனிந்துகொள்ளும். என் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பேன். இந்தப் பசியைப் போக்க இதே மாநகராட்சி 1920-லேயே இறங்கியது. பிட்டி தியாகராயர் அப்போது மாநகராட்சித் தலைவர் (மேயர் என்ற பட்டம் 1933-ல்தான் திரும்ப வந்தது). ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தர மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். மற்ற சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆனால் அந்தச் செலவை ஆங்கிலேய அரசு அனுமதிக்கவில்லை, 1925-ல் நின்றுபோனது. ஆரம்பிக்க ரிப்பன் மாளிகையால் முடிந்தது, நிறுத்தக் கோட்டையால் முடிந்தது. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு மட்டும் என்ன? குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம், பெரிய கட்டடங்களுக்கு அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ), போலீஸ் மாநில அரசு. மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் போன்றவைதான் மாநகராட்சிக்கு. அதிலும் நிர்வாகம் மாநகராட்சிக் கமிஷனர் கையில், அவரை நியமிப்பது மாநில அரசு. நியூயார்க்கில் துறைத் தலைவர்களை, போலீஸ் கமிஷனர் உட்பட, மேயரே நியமிக்கிறார். வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் சுமார் பத்து லட்சம் வீடுகளுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்யும் வாரியத்தின் ஒன்பது பேரும் அவர் நியமிப்பவர்கள்தான். அதனால் அந்த வாக்குறுதி பஸ்ஸைவிட அவர் கைக்கு எட்டுவது.

இங்கே கோட்டையின் ஆசி இருந்தால் வேலை நடக்கும். 2013-ல் அம்மா உணவகம் மாநகராட்சி வழியாக வந்தது, இட்லி ஒரு ரூபாய். மேயரும் முதல்வரும் ஒரே கட்சி. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மன்றமே இல்லாமல் தனி அதிகாரியை வைத்து ஓட்டினார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு கவுன்சிலர்கூட இல்லாத நகரம்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரம்பூர் பையன்:
நன்றி டீச்சர். அப்போ நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடுமா?

ஓய்வுபெற்ற டீச்சர்:
1996-ல் ஸ்டாலின், 2011-ல் சைதை துரைசாமி இருவருமே நேரடியாக வந்தவர்கள்தான். மக்கள் ஓட்டு பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் கமிஷனரை நியமிக்கும் அதிகாரம் அப்போதும் மேயருக்கு வரவில்லையே! பள்ளியும் சுகாதார நிலையமும் மன்றத்தின் கையில் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள். உங்கள் வார்டில் பகுதி சபை (அந்தப் பகுதி மக்கள் கூட்டம்) கூடினால் போய், பள்ளிக் கழிப்பறைக்கு இந்த வருஷம் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள்.

பெரம்பூர் பையன்:
கவுன்சிலர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சபை எப்போது என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.