சுரங்கத்துக்கு முன் காட்டைக் கணக்கெடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈசூன்:

படிப்பு முடித்து இந்த வேலைக்கு வரப்போகிற பிள்ளைகள் சிலர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். சிங்கப்பூரில் சுற்றுச்சூழல் ஆலோசனை வேலையில் இருப்பவர்களுக்குக் களம் பெரும்பாலும் கடல் தாண்டித்தான். எனக்கு அது போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியில் உள்ள மத்திய கலிமந்தான். வெண்மணலில் நிற்கும் காடு, கெரங்காஸ் என்பார்கள். அடியில் இருக்கும் சிலிக்கா மணலுக்காக ஒரு நிறுவனம் சுரங்கம் கேட்டிருந்தது.

எங்களுக்குக் கொடுத்த செயற்கைக்கோள் வரைபடத்தில், வெட்டியபின் முளைத்த புதர்க்காடு என்று அந்த இடம் முழுவதற்கும் ஒரே நிறம். உள்ளே போனால் ஒல்லி ஒல்லியான மரங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, பாசிக்கு நடுவே பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகள். வெட்டிய அடிக்கட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சத்தில்லாத மண், அதனால் மெலிந்த மரம், அவ்வளவுதான். மேலேயிருந்து பார்த்தால் புதர்க்காடும் இதுவும் ஒரே பச்சை. ஆனால் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் 2012 தரநிலைப்படி அது 'மாற்றப்பட்ட வாழிடம்' இல்லை, 'இயற்கை வாழிடம்' என்றாகிவிட்டால், அங்குள்ள உயிரின வளத்துக்கு முடிந்தவரை நிகர இழப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும். கெரங்காஸை வெட்டி எரித்தால் அது லேசில் திரும்பி வராது. நேரில் போய்ப் பார்க்காமல் இதை யாரும் முடிவு செய்யக் கூடாது.

வேலை இப்படி நடக்கும்: 20க்கு 20 மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுத்து, எண் பொறித்த அலுமினியத் தகடு அடிப்போம். அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் பலகை வேர் அதற்கு மேலும் ஏறியிருந்தால் வேர் முடிகிற இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். கன்றுகளை அளக்க அந்தச் சதுரத்துக்குள்ளேயே சிறிய சதுரம். பூவை நம்பி இனம் சொல்ல முடியாது; மெராந்திக் குடும்ப மரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். பட்டையைச் சீவி, பாலா பிசினா என்று பார்த்து, இலை நரம்பை விரலால் தடவித்தான் கண்டுபிடிப்போம். சந்தேகமானதைச் செய்தித்தாளில் மடித்து ஸ்பிரிட் ஊற்றி, பையில் காற்றுப் புகாமல் கட்டி உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் உலர்தாவரகத்துக்கு அனுப்புவோம்.

ஒரு மரத்தில் டேப் சுற்றப் போனேன். கூட வந்த, அந்தத் தீவின் பூர்வகுடியான டயாக் பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். பட்டையில் தார் வழிந்தாற்போல் கறுப்புக் கோடுகள். 'ரெங்காஸ்' என்றார். அதன் பால் பட்டால் தோல் கொப்புளமாகிவிடும். அறிக்கையில் அவரைப் போன்றவர்களை 'உள்ளூர் உதவியாளர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. இனங்களில் பாதியை முதலில் அடையாளம் சொன்னது அவர்தான்.

பெரிய சண்டை ஒப்பீட்டுச் சதுரங்களுக்காக வந்தது. 'எங்கள் குத்தகை எல்லைக்கு வெளியே நீங்கள் ஏன் அளக்கிறீர்கள்?' என்று திட்டப் பொறியாளர் கேட்டார். தோண்டாத இடத்தில் அதே மண், அதே காடு இருக்கிறதே, அதையும் இப்போதே அளந்து வைத்தால்தான் பிற்பாடு மரம் குறைந்தது சுரங்கத்தாலா வறட்சியாலா என்று பிரித்துச் சொல்ல முடியும். 'காட்டைத் திரும்ப வளர்த்துவிட்டோம்' என்று ஒருநாள் அறிக்கை வரும்போது அதை எதோடு ஒப்பிடுவது? மசியவே இல்லை நான். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

புக்கிட் பாஞ்சாங்:

அக்கா, நீங்கள் மசியாமல் நின்றது எவ்வளவு சரி என்பதை இங்கே சிங்கப்பூரிலேயே பார்க்கலாம். புக்கிட் தீமா மலையில் ஹிண்டீட், டெய்ரி ஃபார்ம் என்று கருங்கல் எடுத்த பள்ளங்கள். உபின் தீவில் 1999 வரை கல் உடைத்தார்கள். தோண்டுவதற்கு முன் அந்தச் சரிவில் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை மரம் நின்றது? சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி அந்தக் காலத்தில் புக்கிட் தீமாவில் சேகரித்த செடிகள் உலர்தாவரகத்தில் இருக்கின்றன. இந்த இனம் இருந்தது என்று அவை சொல்லும். எத்தனை, எவ்வளவு பருமன் என்று சொல்லாது. அதே மலையில் 1993இல் 2 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுக்களம் அமைத்து, 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று வரை எண் போட்டார்கள். அங்கே எது செத்தது, எது பருத்தது என்று இன்றைக்கும் மரம் மரமாகச் சொல்லலாம்.

கல் லாரி ஓட்டிய தாத்தா ஒருவரை டெய்ரி ஃபார்ம் பக்கம் நடக்கும்போது பார்த்தேன். 'முன்னே இங்க என்ன மரம் தாத்தா?' என்று கேட்டேன். 'காடுதாம்மா இருந்துச்சு. பெரிய பெரிய மரம்' என்றார். அவருக்கு நினைவிருந்தது அவ்வளவுதான். வேறு யாரிடம் போய்க் கேட்பது?

நான் அடுத்த மாதம் முதல்முறையாகக் களத்துக்குப் போகிறேன். எதை மறக்கக் கூடாது?

ஈசூன்:

சதுரத்தின் நான்கு மூலைக்கும் பிளாஸ்டிக் குழாய் நடு, படம் எடு. அடர்ந்த காட்டுக்குள் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். அந்தப் பிழை அளவையும் சேர்த்தே எழுது. தகடு அடிக்கும்போது ஆணியை முழுக்க அறையாதே, மரம் பருத்தால் தகட்டை விழுங்கிவிடும். அளவெடுக்கும் கோட்டிலும் ஆணி வேண்டாம்மா, அந்த இடம் வீங்கி அடுத்த அளவு தப்பாக வரும்.