ஸ்டார் ட்ரெக் பாட்டு எபிசோட்: பார்த்த மலையகத்து ஆட்கள் சொல்லுங்கள்

ஹட்டன்

விண்வெளிக் கப்பல் கதையான ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரின் இரண்டாம் சீசனில் ஒன்பதாவது எபிசோட் 'சப்ஸ்பேஸ் ராப்சடி'. 2023 ஆகஸ்ட் 3ஆம் திகதி வந்தது. ஸ்டார் ட்ரெக் வரலாற்றிலேயே முழுக்க முழுக்கப் பாட்டாக எடுத்த முதல் எபிசோட் அதுதான். அன்று தொடங்கிய சண்டை எங்கள் கூட்டத்தில் இன்னும் ஓயவில்லை. பாதிப்பேர் கண்ணீர் விட்டோம் என்கிறார்கள், மீதிப்பேர் எட்டிலிருந்து நேரே பத்துக்குத் தாண்டிவிட்டோம் என்கிறார்கள். எப்போது, எங்கே, யாரோடு பார்த்தீர்கள், அப்போது உங்களுக்கு என்ன ஆனது? அதைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

தனியாக இரண்டு தடவை பார்த்திருந்தேன். போன மாதம் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போனபோது மடிக்கணினியில் மறுபடி போட்டேன். வெளியே நல்ல மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே கேட்கவில்லை. பாட்டு மட்டும் கேட்டது. அம்மாயி வெற்றிலை உரலைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னாடி இது, கப்பலா?" என்றார். விண்வெளிக் கப்பல் என்றேன். அதற்குமேல் கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கப்பலின் பாதுகாப்பு அதிகாரி லாஆன் தன் அறையில் தனியாக நின்று பாடும் இடம் வந்தது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அதே சீசனின் மூன்றாவது எபிசோடில் அவள் கடந்த காலத்துக்குப் போய், வேறொரு காலக்கோட்டைச் சேர்ந்த கேப்டன் கேர்க்கோடு சேர்ந்து அலைகிறாள். மனம் அவனிடம் போய்விடுகிறது. அவன் அவள் கண்முன்னே செத்துப்போகிறான். நடந்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளுக்குக் கட்டளை. இப்போது இந்தக் காலத்துக் கேர்க் அதே முகத்தோடு கப்பலுக்குள் நடமாடுகிறான், அவனுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது.

அம்மாயிக்கு நான் இதை எப்படிச் சொன்னேன் தெரியுமா? "இவ ஆசப்பட்டவன் செத்துட்டான் அம்மாயி. அவன மாதிரியே இன்னொருத்தன் வந்திருக்கான். இவ வாயத் தொறக்கக்கூடாது." அவ்வளவுதான். உரலில் இடித்துக்கொண்டிருந்த கை நின்றது. பாட்டு முடியும் வரை அந்தச் சின்ன உலக்கை உரலுக்குள்ளேயே நின்றது. முடிந்ததும், "இப்படி உள்ளுக்குள்ளயே வச்சிருந்தா நெஞ்சு வெடிச்சுரும். போய்ச் சொல்லச் சொல்லு" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மடிக்கணினியில் சார்ஜும் இல்லை. மிச்சத்தை இன்னும் நாங்கள் பார்க்கவில்லை.

மஸ்கெலியா

அக்கா, உங்கள் அம்மாயிக்கு என் வணக்கம். ஆனால் நான் எதிர்க்கட்சி.

எங்கள் வாசலில் நின்றால் சிவனொளிபாத மலை தெரியும். சீசன் காலத்தில் இரவானால் படிக்கட்டு விளக்குகள் மலை உச்சிவரை ஒரு கோடாக ஏறிப்போகும். விஞ்ஞானக் கதை என்றால் எனக்கு அந்த மலைதான். 1956இல் இருந்து 2008இல் சாகும்வரை இந்தத் தீவிலேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் எழுதிய நாவலில் விண்வெளிக்குப் போகும் லிஃப்டை இந்த மலையை மனதில் வைத்துத்தான் நட்டார். அப்படியொரு லிஃப்ட் பூமத்திய ரேகையில்தான் நிற்கும் என்பதால் தீவையே தெற்கே நகர்த்தி வைத்தார். நகர்த்தியதை வாசகனிடம் மறைக்கவும் இல்லை. பதினாறு வயதில் அதை வாசித்தேன். அன்றிலிருந்து, எது நடந்தாலும் ஏன் நடக்கிறது என்று சொல்கிற கதைதான் எனக்கு விஞ்ஞானக் கதை.

இதில் என்ன காரணம்? விண்வெளியில் ஒரு மடிப்பு. அதன் வழியே செய்தி அனுப்பிப் பார்க்கிறார்கள், போகவில்லை. கப்பலின் இஞ்சினியர் பெலியா பாட்டை அனுப்பச் சொல்கிறார். அனுப்பியதும் கப்பல் முழுக்கப் பாடத் தொடங்குகிறது. மடிப்பிலிருந்து ஏன் பாட்டு வரவேண்டும்?

இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. சீசனுக்கே பத்து எபிசோட்தான். எட்டாவது எபிசோட், க்ளிங்கன் என்ற வேற்றுக்கிரகப் போர்வீரர்களோடு நடந்த போர் பற்றியது. கப்பலின் டாக்டர் எம்பெங்காவும் நர்ஸ் சேப்பலும் அந்தப் போரில் என்ன சுமந்தார்கள் என்பதை அவ்வளவு கனமாகக் காட்டினார்கள். நான் அன்று இரவு தூங்கவில்லை. போர் நடந்த நாட்டில் வளர்ந்தவர்கள் நாம், அந்த எபிசோட் நமக்கு எங்கே போய் இடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு அடுத்த வாரமே க்ளிங்கன்கள் வந்து கூட்டமாக ஆடுகிறார்கள். எட்டாவது எபிசோடில் வந்த வலிக்கு ஒரு வாரம்கூடக் கொடுக்கவில்லையே என்றுதான் எனக்குக் கோபம்.

பண்டாரவளை

நான் பார்த்தது ரயிலில். கொழும்பில் ஒரு கம்பனிக்கு ஃபோன் எடுத்துப் பதில் சொல்வதுதான் என் வேலை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை முகம் தெரியாதவர்களின் குரல். லீவுக்கு வரும்போது ஃபோனில் இறக்கி வைத்திருந்தேன். ஒஹியா தாண்டி, இதல்கஸ்ஹின்னைக்கு முன்னால் ஒன்று மாற்றி ஒன்று சுரங்கம் வருமே, அந்த இடத்தில்தான் கப்பலின் தொடர்பு அதிகாரி உஹுராவின் பாட்டு வந்தது. வெளியே இருட்டு, திடீரென்று வெளிச்சம், மறுபடி இருட்டு.

அப்பா, அம்மா, அண்ணன் மூவரையும் ஒரே விபத்தில் இழந்தவள் அவள். பிறருடைய குரல்களைக் கேட்டு இணைத்து வைப்பது அவளுடைய வேலை. தனக்கென்று அழைக்க ஆளில்லாதவள் எல்லோரையும் தொடர்பில் வைத்திருக்கிறாள் என்று அந்தப் பாட்டில் அவளே கண்டுகொள்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே இருந்த சிங்கள அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியைக் கையில் தந்தார்.

மஸ்கெலியா அண்ணா, உஹுராவுக்குப் பாட்டு புதிதில்லை. 1966இல் முதல் தொடரிலேயே நிசெல் நிக்கல்ஸ் பாடியிருக்கிறார், கப்பலின் விஞ்ஞான அதிகாரி ஸ்போக் தன் வல்கன் இனத்து யாழை மீட்டுவான். இப்போது அந்த வேடத்தில் வரும் சீலியா ரோஸ் குடிங் பிராட்வே மேடையிலிருந்து வந்தவர். இந்த ஆள் கிடைத்த பிறகும் பாட வைக்காமல் விட்டிருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன்.

தலவாக்கலை

எல்லோரும் பாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் தப்பு மேளம் அடிக்கிறவன், எனக்கு இது கூத்தாகத்தான் பட்டது.

எங்கள் தோட்டத்தில் மாசியில் காமன் கூத்து நடக்கும். சித்தப்பாதான் ரதி வேடம் கட்டுவார். மற்ற நாளில் தேயிலை ஸ்டோரில் வேலை, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். சித்தி வீட்டு வேலைக்கு வெளிநாடு போய் ஆறு வருடமாகியிருந்த நேரம் அது. சேலையைக் கட்டி, பொட்டு வைத்து, மன்மதன் எரிந்த இடத்தில் நின்று ரதியாக அவர் புலம்பினார். பொட்டலில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் யாருக்காக அழுகிறார் என்று தெரியும். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. விடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு ஸ்டோருக்குப் போய்விட்டார்.

ஸ்போக் அந்தப் பாட்டைப் பாடியபோது எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. ஸ்போக்கின் காதலி சேப்பல், தனக்கு டாக்டர் கோர்பியிடம் படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று கப்பலின் மதுக்கூடத்தில் எல்லோர் முன்னிலும் சந்தோஷமாகப் பாடி ஆடுகிறாள். தன்னை விட்டுப் போகிறாள் என்பது ஸ்போக்குக்கு அந்தப் பாட்டில்தான் தெரியவருகிறது. உணர்ச்சியை அடக்கியே வளர்ந்தவன், தனியாகப் போய்த் தன்னை ஒரு கணக்கில் வரும் எக்ஸ் என்று பாடுகிறான். இங்கிலிஷில் அந்த எழுத்தும் பழைய காதலனுக்குச் சொல்கிற வார்த்தையும் ஒரே சத்தம். தமிழில் அதைக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் போதும்.

தம்பி, ஏன் பாட்டு வரவேண்டும் என்று கேட்டீர்கள். வீரபத்திரன் வருகிற நேரம் நாங்கள் அடியை மாற்றுவோம். மாற்றியதும் கூட்டத்தில் நாலைந்து பேருக்கு உரு வந்துவிடும், இரண்டு பேர் பிடித்தாலும் நிற்கமாட்டார்கள். அவர்களாக ஆடுவதில்லை. கப்பலிலும் அதேதான். ஸ்போக் முதலில் பாடும்போதே, தான் பாடிக்கொண்டிருப்பதற்குப் பாட்டிலேயே மன்னிப்புக் கேட்கிறான். ஒருவருக்கும் பாட விருப்பமில்லை. மனசில் இருப்பது பேச்சுக்கு அடங்காத அளவுக்குப் போகும்போது பாட்டு வருகிறது என்று உஹுராதான் கணக்குப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாள். கடைசியில் அந்த மடிப்பை உடைக்க, கப்பலே ஒன்றாகப் பாடவேண்டும் என்று அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். எனக்கு அந்தக் காரணம் போதும்.

க்ளிங்கன் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம். முந்தைய தொடரில் வந்த க்ளிங்கன் அதிகாரி வோர்ஃப் காலத்திலிருந்து க்ளிங்கன்கள் ஓபரா பாடுகிறவர்கள். தொண்டை கிழிய அதைப் பாட வைத்திருக்கலாம். பாப் பாட்டுப் பாடும் பையன்கள் குழு (பாய் பேண்ட்) மாதிரி ஆடவிட்டது எனக்கும் உறுத்தியது.

மஸ்கெலியா

அண்ணே, வீரபத்திரன் கதையைக் கேட்ட பிறகு மடிப்புப் பற்றி நான் பேசவில்லை, விட்டுவிடுகிறேன். ஆனால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரு வாரம்தான் என்பது இன்னும் உறுத்துகிறது. வரிசையை மாற்றியிருக்கலாம்.

ஹட்டன்

தம்பி, அந்த வரிசை எனக்கும் நெருடியது. எட்டாவதைப் பார்த்தவுடன் ஒன்பதாவதைப் போடாதீர்கள் என்றுதான் புதிதாகப் பார்க்கிறவர்களிடம் நான் சொல்கிறேன்.

தலவாக்கலை அண்ணன் எழுதியதைப் படித்ததும் ஒன்றைச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. அம்மாயி ஏன் உலக்கையை நிறுத்தினார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்ததே, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று. அதில் அம்மாயியின் கூடப்பிறந்த அண்ணனுக்கு இந்தியா என்று வந்தது, அம்மாயிக்கு இங்கே. ஹட்டன் ஸ்டேசனில் வழியனுப்பப் போயிருக்கிறார்கள். தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். பிளாட்ஃபாரம் முழுக்க ஒப்பாரி, அம்மாயி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லையாம், ஒரு சொட்டு அழவில்லையாம். அண்ணன் ஜன்னலால் கையை நீட்டியபோது ஒரு பார்சல் ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். சின்ன வயதில் ஏதோ கோபம், கடைசிவரை தீர்க்காமலே விட்டது.

பல வருடம் கழித்து, பக்கத்துக் காம்பராவில் ஒரு கிழவர் செத்தபோது, மாரடித்து அழுகிற பெண்கள் நடுவே உட்கார்ந்து அம்மாயி ஒப்பாரி வைத்தாராம். கிழவருக்கென்று தொடங்கியது, இரண்டாவது அடியிலேயே அண்ணனுக்கென்று ஆகிவிட்டது. என்ன கோபம், யார்மேல் பிழை, ரொட்டிக்குள் என்ன வைத்துக் கொடுத்தேன், எல்லாம் அதில் வந்ததாம். அம்மாவுக்கே அன்றுதான் தெரியும். மறுநாள் கேட்டபோது, "நான் என்னா சொன்னேன்?" என்றாராம் அம்மாயி.

அதனால்தான், கப்பலில் பாட்டு எப்படி வந்தது என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. பேசமுடியாததைப் பாட்டில் சொல்லிவிட்டு, அடுத்த நாள் கொழுந்து எடுக்கப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

நேற்று மறுபடி தோட்டத்துக்குப் போய் மிச்சத்தைப் போட்டேன். மழை இல்லை, எல்லாம் நன்றாகக் கேட்டது. அம்மாயி கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ள அவன்கிட்ட சொன்னாளா?" சொல்கிறாள், பாருங்கள் என்றேன். பாட்டு தன்னை இழுத்துவிடுமுன் தானே சொல்லிவிடவேண்டும் என்று லாஆன் கேர்க்கிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவனுக்கும் அவள்மேல் ஏதோ ஈர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாள், கரோல், அவள் வயிற்றில் பிள்ளை. அதை அவனும் மறைக்காமல் சொல்லிவிடுகிறான்.

நான் சொல்லி முடித்ததும் அம்மாயி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டாவா சொன்னா?"

"இல்ல அம்மாயி. பேசித்தான் சொன்னா."

"பேசியேவா?" என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளத் தொடங்கினார்.