மறு: ஸ்டீம் மாப்புக்குத் தமிழில் என்ன? – ‘கழுவி’ வேண்டாம், ஒரு ‘த்’ வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

தரையை நீராவியால் துடைக்கும் ‘ஸ்டீம் மாப்’ கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்று இரவு ஒரே மூச்சில் படித்தேன். நீராவிக் கழுவி, நீராவி மெழுகி, வெப்பத் துடைப்பம், ஆவித்துடைப்பான், கொதியாவி ஒற்றி என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. எது காதுக்கு நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருக்கிறோமே தவிர, அந்தக் கருவி தரையில் என்னதான் செய்கிறது என்று யாரும் எழுதவில்லை. நான் இரண்டு வருடமாக வீட்டில் ஒன்றை வைத்துப் பயன்படுத்துகிறேன். இப்போது அதே வகைக் கருவியின் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலையும் கையில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பதில் தண்டின் நடுவே ஒரு சின்னத் தொட்டி, அரை லிட்டருக்குக் குறைவாகத்தான் தண்ணீர் பிடிக்கும். தொட்டியில் இருப்பது அப்படியே கொதிப்பதில்லை. சிறிய பம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிக்கு அனுப்ப, அது அங்கே ஆவியாகி அடியில் உள்ள துளைகள் வழியே இறங்கித் துணிக்குள் போகிறது. துணியிலும் தரையிலும் பட்டவுடன் மறுபடி தண்ணீராகிறது. அப்படி ஆகும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 540 கலோரி வெப்பத்தை விட்டுவிட்டுப் போகிறது. அதே ஒரு கிராம் தண்ணீரைப் பனிநிலையிலிருந்து கொதிநிலைவரை சூடாக்கவே 100 கலோரிதான் வேண்டும் என்பதை வைத்துப் பார்த்தால், வெந்நீரில் நனைத்த துணிக்கும் இதற்கும் ஏன் அவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். அந்தச் சூட்டில் பிசுக்கு இளகுகிறது, இளகியதைத் துணி எடுத்துக்கொள்கிறது. இளக்குவது ஆவி, துடைப்பது துணி, அவ்வளவுதான்.

> கழுவி என்றால் எல்லாருக்கும் உடனே புரியுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கழுவுவது என்றால் தண்ணீர் ஓட வேண்டும், அழுக்கும் அதோடு ஓட வேண்டும். இங்கே அரை லிட்டரில் மூன்று அறை முடிந்துவிடுகிறது, துணி தாண்டிய ஈரமும் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த அத்தையிடம் நானே “இது தரை கழுவுற மெஷின்” என்று சொல்லித் தொலைத்தேன். கழுவுவது என்றால் சோப்பு இல்லாமலா என்று அவர் தொட்டியில் தரை கழுவும் திரவத்தை இரண்டு மூடி ஊற்றிவிட்டார். அடியிலிருந்து ஆவிக்குப் பதில் நுரை வந்தது. நான்கு முறை வெறும் தண்ணீர் விட்டு ஓட்டிய பிறகும் வாசனை போகவில்லை. தொட்டியில் தண்ணீர் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் கையேட்டை யார் படிக்கிறார்கள். தப்பு அத்தையுடையது இல்லை, நான் சொன்ன வினைச்சொல்லுடையது.

மெழுகி இன்னும் மோசம். ‘தரை மெழுகுவது’ நல்ல பழைய வழக்குதான், மறுக்கவில்லை. ஆனால் மெழுகு பூசிப் பளபளப்பாக்கிய மரத்தரையில் ஓட்டவே கூடாத கருவி இது, சூடு பட்டால் பூச்சு மங்கிவிடும். அதற்குப் போய் மெழுகி என்று பேர் வைத்தால், அதைப் படித்துவிட்டு ஒருவர் மெழுகுத் தரையில் ஓட்ட, அவர் நம்மைத்தானே தேடி வருவார்.

தரை பற்றிய எச்சரிக்கைகளைத் தமிழாக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தக் கருவியை வாங்குவதா வேண்டாமா என்பதையே தரைதான் முடிவுசெய்கிறது. வழவழப்பான டைல்ஸுக்குக் கவலையே இல்லை. லேமினேட் பலகை என்றால் இணைப்பு வழியே ஈரம் இறங்கி ஓரங்கள் உப்பிக்கொள்ளும். பசை வைத்து ஒட்டிய வினைலில் பசை விட்டுப்போகும். மேல்பூச்சு இல்லாத மரம், ஈரம் உறிஞ்சும் கல் இரண்டுக்கும் கூடவே கூடாது. கடையில் நின்று வாட்ஸையும் தொட்டி அளவையும் ஒப்பிடுகிறவர்கள் முதலில் வீட்டுத் தரை என்ன என்று கேட்டுக்கொள்ளலாம்.

வெப்பத் துடைப்பம் சொன்ன நண்பருக்கு: துடைப்பம் என்றால் வீட்டில் எல்லாரும் விளக்குமாற்றைத்தான் எடுத்து வருவார்கள். இந்தக் கருவியை ஓட்டுவதற்கு முன் தரையைப் பெருக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்துணியில் தூசி சேர்ந்து குழம்பாகித் தரை முழுக்கக் கோடு கோடாக இழுத்துவிடும். அப்போது கையேட்டில் “துடைப்பத்தால் பெருக்கிய பின் துடைப்பத்தால் துடைக்கவும்” என்று எழுத வேண்டியிருக்கும். துடைப்பான் என்று ஓர் ‘ஆன்’ போட்டால் இந்தக் குழப்பம் இல்லை, அழிப்பான் போல நன்றாகவே உட்காருகிறது.

சரி, துடைப்பான். முன்னால் ஆவியா நீராவியா? ஆவி என்றால் பேய் என்று சிரிப்பார்கள் என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. சளி பிடித்தால் ஆவி பிடிக்கிறோம், யாரும் பேயைப் பிடிப்பதில்லை. எனக்கு இருக்கும் சிக்கல் வேறு. மைதுடைப்பான் என்றால் மையைத் துடைப்பது. அப்படியானால் ஆவிதுடைப்பான், கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைப்பது அல்லவா? நீராவி என்று நீட்டினாலும் அதே கேள்விதான்.

இதற்கு விடை நம் புணர்ச்சி விதியிலேயே இருக்கிறது. ‘ஐ’ உருபு மட்டும் மறைந்துநிற்கும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லின ஒற்று (க், ச், த், ப்) மிகாது: கனி தின்றான் (கனியைத் தின்றான்), தமிழ் கற்றான். உருபும் அதன் பொருளை விளக்கும் சொல்லும் (பயன்) சேர்ந்து மறைந்துநிற்கும் தொகையில் மிகும்: தண்ணீர்த் தொட்டி (தண்ணீரை உடைய தொட்டி), வெள்ளிக் கிண்ணம் (வெள்ளியால் செய்த கிண்ணம்). ஆக, ஒற்று இல்லாமல் ‘நீராவி துடைப்பான்’ என்றால் நீராவியைத் துடைப்பது, ‘நீராவித் துடைப்பான்’ என்றால் நீராவியால் வேலை செய்யும் துடைப்பான். இவ்வளவு சர்ச்சையும் ஒரு ‘த்’தில் தீர்ந்துவிடுகிறது. பேச்சில் அந்த ஒற்று பாதி காணாமல் போகும், தெரியும். அதனால்தான் ஆவியைவிட நீராவிக்கு என் ஓட்டு: நீராவி இயந்திரம், நீராவிக் கப்பல் என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் முன்னால் வந்தாலே அதைக் கொண்டு வேலை செய்வது என்று காது எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டது. ஒற்று விழுந்தாலும் பொருள் விழாது. வீட்டுக்குள் ‘ஆவிமாப்பு’ என்று கூப்பிட்டால் அதுவும் எனக்குச் சம்மதமே, அங்கே போய்ச் சந்தி பார்க்க முடியாது.

கடைசியாக, கொதியாவி ஒற்றி. அனுப்பிய அம்மையாருக்கு ஒரு கும்பிடு, ஐந்தில் உண்மைக்கு மிக அருகில் இருப்பது இதுதான். காய்ந்து ஒட்டிக்கொண்ட கறையின் மேல் கருவியைச் சில நொடி நிறுத்தி, பிறகு நகர்த்தினால்தான் அது கிளம்புகிறது. ஒத்தடம் கொடுக்கிற மாதிரியேதான். விறுவிறுவென்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கிருமியெல்லாம் செத்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில், சூடு வேலை செய்ய அது ஓரிடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். (நின்றபடியே விட்டுவிட்டுப் போய்விடவும் கூடாது, என் வீட்டுத் தரையில் ஒரு வெள்ளைத் தடம் இன்னும் இருக்கிறது.) ஆனால் ஒற்றி என்றதும் வீட்டை ஒத்திக்கு விடுவதுதான் பலருக்கு நினைவு வரும், கருவிப் பெயராக ஓடாது. ஆகவே அதை விடாமல் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது: அடியில் மாட்டும் நுண்ணிழைத் துணியை எல்லாரும் ‘பேட்’ என்றே எழுதுகிறோமே, அதற்கு ஒற்றுத்துணி. “ஒற்றுத்துணி அழுக்கானதும் மாற்றவும், துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் துவைக்கவும்” என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. அந்தத் திரவம் இழைகளில் படிந்துவிட்டால் துணி பிறகு ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது.

உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே வெள்ளையாகப் படிந்து துளை அடைக்குமே, அதற்கு ‘உப்புப் படிவு’ போதும், புதுச்சொல் வேண்டியதில்லை.

கையேட்டை அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். நீராவித் துடைப்பான், ஒற்றுத்துணி என்று இரண்டையும் போட்டுவிடுகிறேன், மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். ஆவியை விடுவிக்கக் கைப்பிடியில் விரலால் அழுத்துகிறோமே, அதற்கு மட்டும் இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. ‘விசை’ என்று எழுதினால் சுவிட்சோடு குழம்புகிறது, ‘குதிரை’ என்றால் துப்பாக்கி ஆகிவிடுகிறது. யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.