ஐந்து மகன்கள் இருந்தும் மார்ஷல் வம்சம் எப்படி அற்றுப்போனது?

கேள்வி – வெண்ணிலா

போன மாதம் லண்டனில் டெம்பிள் தேவாலயத்துக்குப் போயிருந்தேன். வட்டக் கூடத்தின் தரையில் கல்லில் செதுக்கிய வீரர்கள் படுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் வில்லியம் மார்ஷல், பெம்ப்ரோக் பிரபு, 1219-ல் இறந்தவர். 1941 குண்டுவீச்சில் சிலைகள் சிதைந்து, பிறகு ஒட்டவைத்திருக்கிறார்கள். மூத்த மகன் வில்லியமும் மூன்றாவது மகன் கில்பர்ட்டும் அங்கேயே படுத்திருக்கிறார்கள்.

இரண்டு சந்தேகங்கள். சிறுவனாக இருந்தபோது வில்லியம் மார்ஷலைத் தூக்கில் போடப்போகிறோம் என்றதற்கு அப்பாவே "போட்டுக்கொள்" என்றாராமே, உண்மையா? அப்புறம், ஐந்து ஆண்பிள்ளைகள் பெற்றவருக்கு ஒரு பேரன்கூடப் பட்டத்துக்கு வரவில்லை என்கிறார்கள். அது எப்படி?

பதில் – பத்திரக்காரர்

முப்பது வருடம் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியவன் நான். இந்தக் குடும்பத்தின் கதையை விடாமல் படிப்பதற்கு அதுதான் காரணம்.

அப்பா விஷயம் முதலில். 1152. இங்கிலாந்து அரியணைக்கு ஸ்டீபனும் மடில்டாவும் சண்டை. மடில்டா பக்கம் நின்ற ஜான் மார்ஷலின் நியூபரிக் கோட்டையை ஸ்டீபன் முற்றுகையிட்டார். ஜான் தவணை கேட்டு, அதற்கு ஈடாக ஐந்தாறு வயது வில்லியத்தைக் கொடுத்தார். கிடைத்த தவணையில் கோட்டைக்குள் ஆளும் தானியமும் சேர்த்துக்கொண்டார். பையனைத் தூக்கிலிடுவோம் என்று ஸ்டீபனின் ஆட்கள் சொன்னபோது, இதைவிட நல்ல பிள்ளைகளைப் பெற என்னிடம் சம்மட்டியும் இருக்கிறது, பட்டடையும் இருக்கிறது என்று பதில் வந்தது.

வில்லியம் இறந்த பிறகு மூத்த மகன் பிரெஞ்சில் எழுதச் சொன்ன பாட்டில்தான் இது வருகிறது. பத்தொன்பதாயிரம் வரிக்கு மேல். வயதான காலத்தில் அவரே வீட்டில் சொல்லிச் சொல்லி நிலைத்த கதையாக இருக்கும் என்பது என் எண்ணம். ஏனென்றால் அதில் ஒரு குழந்தையின் நினைவு அப்படியே இருக்கிறது. தூக்கு மரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு பிரபுவின் கையிலிருந்த ஈட்டியைப் பார்த்து "எனக்குக் கொடுங்களேன்" என்று கேட்கிறான். ஸ்டீபனுக்கு மனம் வரவில்லை, தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பினார். அங்கே நுனியில் தலை உள்ள செடித்தண்டுகளைப் பறித்து வீரர் விளையாட்டு. ஆளுக்கொரு தண்டு, யார் தண்டின் தலை முதலில் அறுகிறதோ அவருக்குத் தோல்வி. அரசரின் தண்டுதான் அறுந்தது. பையனுக்கு ஒரே குதூகலம்.

பிறகு நார்மண்டியில் டான்கர்வில் பிரபுவிடம் பயிற்சி. போட்டிச் சண்டைகளில் எதிராளியைப் பிடித்து, குதிரையையும் கவசத்தையும் ஜெயித்துத்தான் பிழைப்பு. ஐந்நூறு வீரர்களைப் பிடித்திருக்கிறேன் என்று சாகும்போது சொன்னார். இளைய பிள்ளை, சொத்து கிடையாது. நிலம் வந்தது 1189-ல், நாற்பதைத் தாண்டிய வயதில், இசபெல் டி கிளேரைக் கட்டியபோது. அவள் ஸ்ட்ராங்போ என்று பெயர்பெற்ற பெம்ப்ரோக் பிரபுவின் மகள். தாய் ஈஃபா அயர்லாந்தின் லென்ஸ்டர் அரசன் மகள். வேல்ஸ் எல்லை நிலமும் லென்ஸ்டரும் அவள் கொண்டுவந்தவை. ஐந்து மகன், ஐந்து மகள்.

ஜான் அரசர் இவருடைய பிள்ளைகளையும் பிணையாகக் கேட்டு வாங்கினார். தானே பிணையாகக் கிடந்தவர் மகன்களை எப்படி அனுப்பிவைத்தாரோ, அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனக்கும். ஆனாலும் கடைசிவரை அரசருக்குத் துரோகம் செய்யவில்லை. 1216-ல் ஜான் இறந்ததும் ஒன்பது வயது மூன்றாம் ஹென்றிக்காக நாட்டை நடத்தினார். மறு வருடம் எழுபது வயதில் லிங்கனில் முன்வரிசையில் நின்று சண்டையிட்டார்.

இனி மகன்கள். மூத்தவர் வில்லியம் அரசரின் தங்கை எலினாரைக் கட்டி, 1231-ல் பிள்ளையில்லாமல் இறந்தார். ரிச்சர்ட் அரசரோடு மோதி, 1234-ல் அயர்லாந்தில் கில்டேரில் வெட்டுப்பட்டு, அந்தக் காயத்தால் செத்தார். கில்பர்ட் பாதிரியாராக வேண்டியவர். 1241-ல் ஹார்ட்ஃபர்ட் போட்டிச் சண்டையில் கடிவாளம் அறுந்து, அங்கவடியில் கால் மாட்டி, குதிரை இழுத்துப்போய் இறந்தார். அப்பாவுக்குச் சோறு போட்ட களம். வால்டர் 1245 நவம்பரில், ஆன்செல்ம் அடுத்த மாதமே. ஐவருக்கும் முறையான வாரிசு இல்லை.

பதில் – காட்டாறு

இது ஒரு ஆயரின் சாபம் என்று படித்திருக்கிறேன். அயர்லாந்தின் ஃபெர்ன்ஸ் ஆயரின் இரண்டு ஊர்களை வில்லியம் பிடுங்கிக்கொண்டார், மகன்களும் திருப்பித் தரவில்லை, ஒரே தலைமுறையில் பெயர் அழியும் என்று கல்லறை முன்னால் சபித்தார் என்று. ஐந்து பேரும் போனதைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

பதில் – பத்திரக்காரர்

அதை எழுதியவர் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ். ஐந்து மகன்களும் போனபிறகு 1245-ஆம் வருடக் கணக்கில் எழுதுகிறார். ஊர்த் தகராறு நிஜம், ஆயர் வில்லியத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்ததும் நிஜம். சாபம் பலித்தது என்று முடிவு தெரிந்த பிறகு சொல்வது எளிது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதைவிட வில்லியத்தின் கடைசி நாட்களைப் படியுங்கள். 1219 வசந்தத்தில், கேவர்ஷாமில். கடைக்குட்டி ஆன்செல்முக்கு நிலம் எழுதவில்லை, என்னைப்போல் உழைத்துச் சம்பாதிக்கட்டும் என்றார். கூட இருந்த ஜான் ஆஃப் எர்லி விடாமல் சொல்லி, ஒரு பங்கு எழுதவைத்தார். டெம்பிள் என்ற துறவு வீரர் அமைப்பில் சேரச் சபதம் எடுத்தால் இனி பெண்ணைத் தொடக்கூடாது. அதனால் இசபெல்லை அழைத்து, முத்தமிடு, இனி முடியாது என்றார். இருவரும் அழுதார்கள்.

ஒருநாள் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டார். மூத்த மகள் மாட் பாடினாள். கல்யாணமாகாத கடைசி மகள் ஜோன் கூச்சத்தில் குரல் எழும்பாமல் நின்றாள். கூச்சப்பட்டால் பாட்டு வராதம்மா என்று எப்படிப் பாடவேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.

பதில் – வெண்ணிலா

அந்த மகள்களுக்கு என்ன ஆயிற்று, ஐயா?

பதில் – பத்திரக்காரர்

மகன் வாரிசு இல்லையென்றால் மகள்களுக்குச் சமபங்கு என்பதுதான் அன்றைய இங்கிலாந்து வழக்கம். 1247-ல் பாகம் பிரித்தபோது ஐவரில் மாட் மட்டும்தான் உயிரோடு இருந்தாள். மற்றப் பங்குகள் பிள்ளைகளுக்கு. சிபிலுக்கு ஏழு பெண்கள், ஆகவே கில்டேர் பங்கு ஏழு துண்டு. குடும்பப் பெயருக்குக் காரணமான மார்ஷல் என்ற அரசவைப் பதவி மாட் வழியாக பிகாட் குடும்பத்துக்குப் போனது. இரண்டாவது மகள் இசபெல்லின் மகள் ஒரு புரூஸைக் கட்டினாள், அவளுடைய பேரன்தான் ஸ்காட்லாந்து அரசன் ராபர்ட் புரூஸ்.

பெம்ப்ரோக் நிலம் ஜோனின் பங்கில் விழுந்தது. அவள் மகளைக் கட்டிய வில்லியம் டி வாலன்ஸ்தான் பிறகு பெம்ப்ரோக் பிரபு. அன்று குரல் எழும்பாமல் நின்ற பெண்ணின் வழியில்.