ஆடிக்காற்றில் குழுவோடு ஓட்டி நடுவழியில் நின்றுவிட்டேன்: ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினம் போகலாமா?

கேள்வி: உரக்கடைக்காரன் (மன்னார்குடி), புதன் இரவு

வணக்கம். எனக்கு வயசு 43. மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் போன தையில் ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கினேன். தனியாக வடுவூர் ஏரி வரைக்கும் போவேன், கரையில் கொஞ்ச நேரம் பறவை பார்ப்பேன், வந்துவிடுவேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

தஞ்சாவூரில் ஒரு ரைடிங் கிளப், ஆடி முதல் வாரம் முழுக்க தினமும் குழுவாக ஓட்டுகிறோம், புது ஆட்களும் வரலாம், யாரையும் வழியில் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்று வாட்ஸப்பில் போட்டிருந்தார்கள். குறுவைக்கு மேலுரம் கேட்டு கடை வாசலில் ஆள் நிற்கும் நேரம் இது. இருந்தாலும் சாவியை வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு கரந்தையில் அக்கா வீட்டில் வந்து தங்கியிருக்கிறேன்.

திங்கட்கிழமை திருவையாறு. காலை ஐந்தேகாலுக்குப் பெரிய கோவில் வாசலில் சேர்ந்து கிளம்பினோம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்டினால் ஊர். கடை திறக்கும்வரை நின்று அசோகா அல்வா வாங்கினேன். எனக்கு ஒரு ஸ்பூன்தான், மிச்சம் அக்காவுக்கு. அன்று ஒரு குறையும் இல்லை.

செவ்வாய் கும்பகோணம். போகும்போது மீட்டரில் 33 காட்டியது. என் ஜென்மத்தில் அந்த வேகத்தைப் பார்த்ததில்லை. பெடலை மிதிக்கிறேனா, பெடல் என் காலை இழுத்துக்கொண்டு போகிறதா என்றே தெரியவில்லை. டிகிரி காபி குடித்துவிட்டு எட்டரைக்குத் திரும்பினோம். தாராசுரம் தாண்டியதும் காற்று முகத்தில் அறைய ஆரம்பித்தது. சுந்தரப்பெருமாள் கோயிலில் 20, பாபநாசத்தில் 17, பண்டாரவாடையில் 14. முன்னால் போனவர்களின் மஞ்சள் சட்டைகள் சின்னதாகிக்கொண்டே போய், அப்புறம் ரோடு மட்டும்தான் தெரிந்தது. அய்யம்பேட்டைக்கு முன்னால் ஒரு மதகுக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். எக்ஸெல்லில் கீரைக்கட்டு கட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, “என்ன தம்பி, செயின் கழண்டுட்டுதா?” என்றார். “இல்லைங்க, நான்தான் கழண்டுட்டேன்” என்றேன்.

போனை எடுத்துப் பார்த்தால் தஞ்சாவூர் டீக்கடையில் எல்லாரும் சேர்ந்து எடுத்த படம் குழுவில் வந்திருக்கிறது. பதினொரு பேர் சிரிக்கிறார்கள். பன்னிரண்டாவது ஆள் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இன்று ஓய்வு. நாளை கல்லணை, வெள்ளி, சனி சின்ன ஓட்டங்கள். ஞாயிறு நாகப்பட்டினம், ஒருவழி ஏறத்தாழ 80 கிலோமீட்டர், திரும்ப டெம்போ. என் காலில் வலு போதவில்லையா, இல்லை வேறு ஏதாவதா? போகலாமா, இல்லை நாளைக்கே ஊருக்கு பஸ் ஏறிவிடலாமா? சைக்கிள் படமும் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: குடந்தை டீச்சர்

அண்ணே, பஸ் ஏற வேண்டாம். போகும்போது 33-இல் ஓட்டியது நீங்கள் இல்லை, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற மேல்காற்று. அதனால் வரும்போது 14-இல் ஓட்டிய பழியும் உங்களுக்கு வேண்டாம்.

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள், கணக்காகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், காற்று 15-இல் முதுகில் அடிக்கிறது என்று வையுங்கள். உடம்பு கிழித்துக்கொண்டு போக வேண்டிய காற்று வெறும் 10. திரும்பும்போது அதே 25-ஐப் பிடித்தால் அது 40. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அங்கே 100 என்றால் இங்கே 1600. பதினாறு மடங்கு! தஞ்சாவூரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம்தான், கடல்வரை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவு கிடையாது. ஏற்காடு ஏறுகிறவன் மலையைப் பார்த்து மனசைத் தயார் செய்துகொள்வான். நமக்கு அந்த வசதியும் இல்லை. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற காற்று காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கும், ஒன்பது மணிக்கு மேல் முழு வேலையைக் காட்டும். நீங்கள் திரும்பிய நேரமும் அதுதான்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். வரிசையில் எந்த இடத்தில் ஓட்டினீர்கள்? கடைசியில்தானே? புது ஆள், யாருக்கும் இடைஞ்சல் வேண்டாம், பின்னாலேயே வந்துவிடுவோம் என்று. நானும் முதல் வருஷம் அப்படித்தான். ஒரு பொம்பளை நடுவில் புகுந்தால் என்ன நினைப்பார்களோ என்று எட்டு மாசம் கடைசியிலேயே ஓட்டினேன், எட்டு மாசமும் தனியாகத்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

குழுவில் ரொம்பக் கஷ்டமான இடமே அந்தக் கடைசி இடம்தான். வேகத்தடை வருகிறது. முதல் ஆள் குறைத்து, ஏறி இறங்கி, உடனே மிதிக்கிறார். நீங்கள் அதே வேகத்தடையில் இறங்கும்போது அவர் முப்பது நாற்பது மீட்டர் போயிருப்பார். அந்த இடைவெளியை நீங்கள் முழு மூச்சில் ஓடி அடைக்க வேண்டும். பாபநாசம் கடைத்தெரு, பள்ளிக்கூட வாசல், குறுக்கே வரும் ஆடு என்று நாற்பது கிலோமீட்டரில் எத்தனை தடவை! எதிர்காற்றில் முன்னால் போகிறவர்தான் உங்களுக்குக் காற்றை மறைக்கிறார், அவரோடு ஒட்டி வருகிற அந்த நூல் ஒரு தடவை அறுந்தால் அவ்வளவுதான்.

நாளைக்கு மூன்றாவது அல்லது நாலாவது ஆளாக நில்லுங்கள். முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே இப்போதைக்கு ஒரு மீட்டர் இருக்கட்டும், பழகப் பழக அரை மீட்டர். அவர் டயரையே முறைத்துக்கொண்டிருக்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள், அதற்கும் முன்னால் என்ன நடக்கிறது என்று ஓரக்கண்ணில் பாருங்கள். அவர் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் சக்கரம் ஏறி நிற்கவே கூடாது. அவர் லேசாக ஒதுங்கினால் கீழே விழுவது நீங்கள்தான். திடீர் பிரேக் வேண்டாம், வேகம் கூடிவிட்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், நெஞ்சில் காற்று பட்டுத் தானாகக் குறையும். உங்கள் முறை வந்து முன்னால் போகும்போது ரோஷத்தில் மிதித்துவிடாதீர்கள். எல்லாப் புது ஆளும் செய்கிற தப்பு. அதே வேகத்தில் நூறு எண்ணுங்கள், திரும்பிப் பார்த்து ஒதுங்குங்கள், நின்றுவிடாமல் வரிசையோடு பின்னால் வழுக்கி வாருங்கள். அப்படி வரும்போதும் கடைசிக்குப் போக வேண்டியதில்லை, யாராவது இடம் விடுவார்கள். விடாவிட்டால் கேளுங்கள்.

திருவையாறு ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தெற்கு வடக்கு, அதனால் ஆடியில் பக்கக்காற்று. போகும்போது காற்று இடப்பக்கம், அதனால் மறைவு முன்னால் போகிறவரின் வலப்பின்பக்கம், அதாவது லாரி வருகிற பக்கம். அந்த மறைவுக்கு ஆசைப்படாதீர்கள். திரும்பும்போது மறைவு இடப்பக்கம் வரும், ஆனால் அது தார் முடிந்து மண் தொடங்குகிற ஓரம். திங்கட்கிழமை சீக்கிரமே திரும்பிவிட்டதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

உங்களை விட்டுவிட்டுப் போனது அவர்கள் தப்பு. நாளைக்குக் கிளம்பும் முன்னாலேயே எல்லார் முன்னிலும் சொல்லிவிடுங்கள். உரக்கடையில் பாக்கி கேட்கிறவருக்கு இது என்ன பெரிய விஷயம்?

பதில்: ஓய்வு தபால்காரர்

திருவிடைமருதூர் பக்கம் 31 வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவன் நான். கியர் கிடையாது, இருபத்திரண்டு இன்ச் கறுப்பு வண்டி. ஆடி மாசம் மேற்கே போகிற தெருக்களை விடியற்காலையிலேயே முடித்துவிடுவேன், கிழக்கே போகிறதை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்வேன். வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி எதிர்காற்றில் போனால் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொள்வேன், மெதுவாகப் போனாலும் பரவாயில்லை. டீச்சரம்மா சொல்கிற இயற்பியல் எனக்கு அந்த வைக்கோல்வண்டிதான். காசு கொடுத்து மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டு விடியற்காலையில் இப்படி அவதிப்பட வேண்டுமா என்பது என் கேள்வி, யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.

பதில்: கூத்தாநல்லூர் சைக்கிள்கடை

அண்ணே படம் பார்த்தேன். சீட் குறைந்தது ரெண்டு இன்ச் இறக்கமா இருக்கு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஏறி உட்காருங்க, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வச்சா கால் நேரா நிக்கணும். அந்த உயரம்தான் சரி. முன்பாதத்தால மிதிக்கும்போது முட்டி தானா லேசா மடங்கும். இப்படியே 80 ஓட்டினா முட்டி போயிடும்.

டயர் அகலம் 38 மில்லிமீட்டர்னு தெரியுது. ரோடு பைக்காரங்க 80, 90 காற்று அடிக்கிறாங்கன்னு நீங்களும் அடிக்காதீங்க. உங்க எடைக்கு 50, 55 போதும். இன்னொண்ணு, கிளம்பறதுக்கு முன்னாடி டயரைக் கழட்டி உள்பக்கம் பஞ்சை வச்சு ஒரு சுத்து தடவுங்க. லாரி டயர் வெடிச்ச இடத்துல மெல்லிசா கம்பித்தூள் கிடக்கும், நம்ம டயர்ல ஏறி உக்காந்துக்கும், ரெண்டு நாள் கழிச்சு ட்யூபைக் குத்தும். கருவமுள்ளாவது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. கையால தடவாதீங்க, கிழிச்சிடும். என் கடைக்கு வர்ற பங்ச்சர்ல பாதி அந்தக் கம்பிதான்.

கேட்டவர் எழுதியது, வியாழன் மாலை

சீட்டை ஏற்றினேன். வேறு சைக்கிள் மாதிரி இருக்கிறது. பஞ்சு வேலைக்கு நேரமில்லை, ஞாயிறுக்குள் செய்துவிடுகிறேன்.

டீச்சரம்மா சொன்னபடி கிளம்பும் முன்னால் சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கிவிட்டது. கேப்டன் தம்பிக்கு முகம் சிறுத்துவிட்டது. கடைசி ஆளாக வருகிறேன் என்று ஒத்துக்கொண்டவர் பாபநாசத்தில் யாரையோ பார்க்க ஒதுங்கிவிட்டாராம், அவர் உங்களோடு வருகிறார் என்று நாங்கள் நினைத்தோம் என்றார். நம்புகிறேனோ இல்லையோ, இன்று மூன்றாவது இடம் கொடுத்தார்கள்.

திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைவரை முழுக்க எதிர்காற்று. 22-இல் போனோம், மூச்சு வாங்கவில்லை. சந்தேகத்துக்கு ஒரு தடவை வரிசையை விட்டு ஒரு கை தூரம் வெளியே வந்து பார்த்தேன். கதவைத் திறந்த மாதிரி காற்று நெஞ்சில் அடித்தது, உடனே உள்ளே வந்துவிட்டேன். கல்லணையில் ஷட்டருக்கு அடியில் தண்ணீர் போகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்கவில்லை. புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய் பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தண்ணீரை நம்பித்தான் நான் கடனுக்கு உரம் கொடுக்கிறேன்.

கேட்டவர் எழுதியது, திங்கள்

போய்விட்டு வந்துவிட்டேன். நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது. வலப்பக்கம் திரும்பினால் மன்னார்குடி, வீடு, இட்லி. ரயில் போய் கேட் திறந்ததும் எல்லாரும் எகிறினார்கள். டீச்சரம்மா சொன்ன அந்த நூல் அறுகிற இடம் இதுதான் என்று தெரிந்து முன்கூட்டியே கியரை இறக்கிவைத்திருந்தேன். அறுபடவில்லை. கொரடாச்சேரி தாண்டி முன்னால் போக என் முறை வந்தது. நூறு எண்ணச் சொன்னார்கள், அறுபதோடு ஒதுங்கிவிட்டேன்.

கீழ்வேளூர் தாண்டி சிக்கலுக்கு முன்னால் பின்டயர் உட்கார்ந்துவிட்டது. பதினொரு பேரும் நின்றார்கள். இரண்டு பேர் கழற்றினார்கள், ஒருத்தர் பம்ப் அடித்தார், கேப்டன் தம்பி எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். டயருக்குள் என்ன இருந்தது என்று கூத்தாநல்லூர்க்காரருக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பதில்: கூத்தாநல்லூர் சைக்கிள்கடை

கம்பிதானே?

பதில்: உரக்கடைக்காரன்

கம்பிதான். அரை இன்ச். எடுத்துக் கடை மேசையில் வைத்திருக்கிறேன். வீட்டம்மா இந்த வாரம் பழைய பாக்கியில் நாலு பேரிடம் வசூல் பண்ணியிருக்கிறாள், நான் ரெண்டு வருஷமாகக் கேட்காமல் விட்டது. அடுத்த ஓட்டம் எப்போது என்று அவளே கேட்கிறாள்.