ஸ்ஃபுமாட்டோ: புகையா, புகாரா, கரைவா?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

லியொனார்டோ தா வின்சியின் ஓவியம், அறிவியல், கைப்பிரதிகள் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றைக் கவின்கலை மாணவர்களுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கியாரோஸ்கூரோவுக்கு ‘ஒளிநிழல்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்குவதால் அதில் சிக்கலில்லை. ‘ஸ்ஃபுமாட்டோ’ மட்டும் 41 இடங்களில் மஞ்சள் பூசிக் கிடக்கிறது.

தெரிந்தவர்கள் பொறுத்தருள்க. மோனா லிசாவின் உதட்டோரம் எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி நிழலை நிழலோடு சேர்க்கும் முறைக்கு அந்தப் பெயர். இத்தாலியத்தில் ‘ஃபூமோ’ என்றால் புகை. ‘ஸ்ஃபுமாரே’ என்பது புகையாகிக் கலைந்துபோதல். ஒளியும் நிழலும் கோடோ வரையோ தெரியாமல் புகையின் முறையில் ஒன்றுபட வேண்டும் என்று லியொனார்டோவே தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். எனக்குப் பெயர்ச்சொல் மட்டும் போதாது. ‘ஸ்ஃபுமாட்டோவான விளிம்பு’ என்று பெயரடையாகவும், ‘ஓவியர் இவ்விடத்தை ஸ்ஃபுமாட்டோ செய்திருக்கிறார்’ என்று வினையாகவும் வருகிறது. மூன்றுக்கும் ஈடுகொடுக்கும் ஒரு சொல்லைத் தந்து உதவுங்கள்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (பணி ஓய்வு)

முதலில் ஒரு விண்ணப்பம்: அந்தச் சொல்லை அப்படியே எழுதுவதைத் தவிருங்கள். ‘ஸ்ஃபு’ என்று தொடங்கும்போதே தமிழ் மரபு மூன்று இடங்களில் உடைகிறது. புள்ளியெழுத்து மொழிக்கு முதலாகாது. ஸகரம் நம் நெடுங்கணக்கில் இல்லை. ஆய்தமோ குற்றெழுத்தின் பின்னும், உயிரேறிய வல்லெழுத்தின் முன்னும்தான் நிற்கும். ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியத்தின் எச்சவியல் சொன்னது வடசொல்லுக்கு மட்டும் உரிய விதியன்று, வருகின்ற எல்லாச் சொல்லுக்கும் உரிய வாயில் என்றே நான் கொள்வேன்.

இனிச் சொல்லுக்கு வருவோம். புகையையும் துணியையும் ஓவியக் கண்ணோடு பார்த்தவர்கள் நம் பாட்டன்மார். திருமுருகாற்றுப்படையில் யாழிசைக்கும் கந்தருவர் உடுத்தது ‘புகைமுகந் தன்ன மாசில் தூவுடை’. பொருநராற்றுப்படையில் பாம்பின் தோலைப் போன்ற ஆடை, ‘நோக்குநுழை கல்லா நுண்மைய’தாக இருக்கிறது, கண்ணாற் பின்னலைத் தொடர முடியவில்லை என்பது பொருள். பெரும்பாணாற்றுப்படையில் ‘ஆவி அன்ன அவிர்நூற் கலிங்கம்’. பழந்தமிழில் ஓவியத்தைத் ‘தீட்டினான்’ என்பதினும் ‘எழுதினான்’ என்பதே பெருவழக்கு ஆதலால், ‘ஆவியெழுத்து’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

புகு, புகை, புகர், புகார் ஆகிய நான்கும் ஒரே வேரின் கிளைகள் என்பது என் துணிபு; அதையும் நண்பர்கள் கருத வேண்டும். எந்த இடுக்கிலும் புகுவது புகை. புகை படிந்த நிறம் புகர். ‘புகர்முக யானை’ என்பதை நோக்குக. இதைப் பற்றித் தனியாக நான்கு பக்கக் குறிப்பு வைத்திருக்கிறேன். விரும்புவோருக்கு அனுப்புவேன்.

அனுப்புநர்: இதழாசிரியர்

ஐயா, ‘ஆவியெழுத்து’ என்று அட்டவணையில் போட்டால் மாணவர்கள் அதை மாந்திரீகப் பாடம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆவிக்கு இன்று பேய் என்பதே முதற்பொருள்.

என் கருத்து எளியது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இந்த இத்தாலியச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேற்படிப்புக்குப் போகும் மாணவன் லியொனார்டோ ஆய்வுகளைத் தேடும்போது ‘ஸ்ஃபுமாட்டோ’தான் அவனுக்குக் கதவு திறக்கும். கர்நாடக இசைக்காரர் ‘கமகம்’ என்பதை எந்த நாட்டிலும் மாற்றிச் சொல்வதில்லை. ஒரு கலையின் சொல்லை அந்தக் கலை பிறந்த ஊரின் பெயரோடு ஏற்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

அனுப்புநர்: யாழ்ப்பாணத்து நண்பர்

இதழாசிரியர் சொல்லும் ஒப்புமையில் ஓர் ஓட்டை உண்டு. பிரெஞ்சுக்காரரின் காதில் ‘ஸ்ஃபுமாட்டோ’ விழும்போது அவர்களுடைய சொந்தப் புகைச்சொல்லான ‘ஃபுமே’யும் கூடவே ஒலிக்கும். தமிழ் மாணவருக்கு அதில் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை.

புலவர் ஐயா வேரைத் தேடிப் போகும் வழியில் நல்ல சொல் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் விடியற்காலைப் பனிமூட்டத்தைப் ‘புகார்’ என்பது இன்றும் வழக்கு. புகார் மூடிய வயலில் பனைமரம் நிற்பது தெரியும். மரம் எங்கே முடிந்து வெளி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மொழிபெயர்ப்பாளர் சொன்ன உதட்டோரமும் அதுவே அல்லவா? பெயர் ‘புகாரம்’, பெயரடை ‘புகாரிய’, வினை ‘புகார்த்தல்’. மூன்று வடிவமும் கிடைத்துவிட்டன.

அனுப்புநர்: இதழாசிரியர்

‘மோனா லிசாவின் முகத்தில் புகார் உள்ளது’ என்று அச்சிட்டால், தமிழ்நாட்டில் எந்தக் காவல் நிலையத்தில் என்று கேட்பார்கள்.

அனுப்புநர்: யாழ்ப்பாணத்து நண்பர்

முறையீடு என்ற பொருளில் வரும் புகார், இந்துஸ்தானி வழியாக வந்து குடியேறிய வேறொரு சொல். மேகம், மூடுபனி என்ற பொருளுடைய புகார் அகராதியில் வீட்டுக்குரியவராக இருக்கிறார். ஒண்டவந்தவருக்காக வீட்டுக்காரரை வெளியே அனுப்புவது என்ன நியாயம்? தமிழ்நாட்டு வாசகருக்கு விளங்காத சொல் விலக்கத்தக்கது என்றால், எங்களுக்கு விளங்காத உங்கள் சொற்களை நாங்கள் எத்தனை ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

அனுப்புநர்: வேதியியலர்

சொல்லாராய்ச்சியில் எனக்குப் பயிற்சி இல்லை; ஆனால் பொருளைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 2010-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள லியொனார்டோவின் 7 ஓவியங்களை எக்ஸ் கதிர் உடனொளிர்வு முறையில் ஆராய்ந்தார்கள். ஓவியத்திலிருந்து துகள்கூடச் சுரண்டவில்லை. முக நிழல்களில் மெல்லிய பூச்சின்மேல் பூச்சாக ஏற்றியிருப்பது தெரிந்தது. ஒரு பூச்சின் தடிமன் 1 அல்லது 2 மைக்ரோமீட்டர் வரை குறைந்திருக்கிறது. எல்லாம் சேர்ந்தும் 30 முதல் 40 மைக்ரோமீட்டர்தான். தலைமயிர் ஒன்றின் பருமனில் ஏறத்தாழப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாதி மயிருக்குள் ஒரு நிழல் முழுவதும் இருக்கிறது. தூரிகையின் தடமும் தெரிவதில்லை.

ஆகவே இது விளிம்பை அழிக்கும் வேலையன்று, ஏற்றிக்கொண்டே போகும் வேலை. ‘மங்கல்’, ‘அழிவு’, ‘கரைவு’ என்று குறைவதைக் காட்டும் சொற்கள் செய்முறைக்குப் பொருந்தா. ‘புகைப்படிவு’ என்றால் என்ன?

அனுப்புநர்: ஓவிய ஆசிரியை

வேதியியலர் ஐயாவின் மடலைப் படித்தவுடன் எங்கள் பழைய வீட்டு விளக்கு மாடம் நினைவுக்கு வந்தது. சுவரில் குடைந்த மாடத்தில் பல ஆண்டுகள் எண்ணெய் விளக்கு எரிந்ததில், மாடத்தின் நெற்றியில் கரி படிந்திருக்கும். சுடர் நாவுக்கு நேர்மேலே மையிருட்டு. ஒரு சாண் மேலே போனால் பழுப்பு. அதற்கும் மேலே சுண்ணாம்பு வெள்ளை. வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று சிறுவயதில் விரலால் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. விரலில் கரி ஒட்டியதுதான் மிச்சம். ஒரு நாளைப் புகை கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் நாளைப் புகை நிழலாகும். ஸ்ஃபுமாட்டோவை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் ‘புகைப்படிவு’ வேண்டாம். அட்டவணையில் அது ‘புகைப்படம்’ என்பதற்குப் பக்கத்தில் போய் உட்காரும். லியொனார்டோ புகைப்படக் கருவி வைத்திருந்தார் என்று விடைத்தாளில் எழுதவும் ஆளுண்டு. புகைக்கும் நிழற்படத்துக்கும் என்ன உறவு என்று கேட்டு இங்கே முன்பு நடந்த சண்டையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

கரித்துண்டால் முகம் வரையும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே விரலால் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். தேய்த்தால் சேறாகும், நிழலாகாது. அப்போது நாங்கள் சொல்வது ‘தேய்க்காதே, ஓரத்தைக் கரை’ என்பதுதான். பட்டறையில் பல காலமாகப் புழங்கும் சொல் அது. ஏற்றித்தான் கரைக்கிறோம் என்பது கைக்குத் தெரியும். ஆகவே ‘கரை’ என்பது குறைத்தல் என்ற வாதம் மேசைக்குச் சரி, பலகைக்குச் சரியன்று.

இன்னொன்று. லியொனார்டோ பூச்சை மட்டும் நம்பவில்லை, வெளிச்சத்தையும் தேர்ந்தெடுத்தார். முகம் வரைய மாலைப்பொழுதும் மேகமூட்டமும் நல்லவை என்றும், சுவர்களுக்குக் கருநிறம் பூசிய முற்றத்தில், வெயில் பட்டால் மேலே துணி விரித்து, ஆளை நிறுத்த வேண்டும் என்றும் அவர் குறிப்பில் இருக்கிறது. கரைந்த நிழலை முதலில் முற்றத்தில் உண்டாக்கிக்கொண்டு, பிறகே பலகையில் ஏற்றினார். எனவே செய்முறையால் பெயரிடுவதா, விளைவால் பெயரிடுவதா என்று பிரிக்க வேண்டியதில்லை. என் முன்மொழிவு: ‘புகைக்கரைவு’.

அனுப்புநர்: தமிழாசிரியர் (பணி ஓய்வு)

ஆசிரியை அம்மையாரின் சொல் எனக்கு உடன்பாடே. ஆயினும் ஒற்று விடயத்தில் கவனம் வேண்டும். ‘புகைக்கரைவு’ என வல்லொற்று மிகுந்தால் புகை பெயர்ச்சொல்லாகி, புகை போன்ற கரைவு என்று உவமைத்தொகை ஆகும். ‘புகைகரைவு’ என இயல்பாக நின்றால், புகை வினையடியாகி, புகைந்த, புகைகின்ற, புகையும் கரைவு என்று முக்காலமும் பொதிந்த வினைத்தொகை ஆகும். அடுக்கடுக்காகக் காலம் காலமாக ஏற்றிய பூச்சுக்கு வினைத்தொகையினும் பொருத்தமான வடிவம் ஏது?

புகைதல் என்னும் வினையை எரியாத பொருளுக்கும் ஏற்றியிருக்கிறார் கபிலர். புறநானூற்று 117ஆம் பாட்டில், ‘மைம்மீன் புகையினும் தூமம் தோன்றினும்’ என்கிறார். சனிமீன் புகைகிறது, வான்மீனின் விளிம்பு கலங்குவதற்கு அந்த வினை. அதே அடியில், புகை என்று பொருள்படும் தூமம் இருப்பதும் காண்க. அந்தத் தூமமும் வடமொழித் தூமமும் இலத்தீனின் ‘ஃபூமுஸ்’ஸும் ஓரினம் என்பது மொழிநூலார் கண்டது, ஆக இத்தாலிய ‘ஃபூமோ’வின் உறவினர் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே புறநானூற்றில் வந்து தங்கியிருக்கிறார். இதைக் கொண்டு ‘தூமியம்’ என்று சொல் படைக்கலாமா என்று ஓர் இரவு முழுவதும் எண்ணினேன். வடசொல் என்பதால் காலையில் கைவிட்டேன்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு ‘புகாரம்’, ‘புகைக்கரைவு’ இரண்டையும் 41 இடங்களிலும் மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்து நண்பரின் சொல் செவிக்கு இனியது. ஆனால் ஒரு தடை குறுக்கே நிற்கிறது. லியொனார்டோ தம் குறிப்புகளில் புகையையும் மூடுபனியையும் தனித்தனிப் பொருள்களாக ஆராய்கிறார். காய்ந்த விறகின் புகை, இருண்ட பொருளுக்கு முன்னே நீலமாகத் தெரிவதைக் கவனித்து, வானத்தின் நீலத்தோடு அதை ஒப்பிடுகிறார். மூடுபனியில் கோபுரங்களின் அடி மறைந்து முடி தெரிவதைத் தூரத்துக் காட்சிகளை வரைவோருக்குச் சொல்கிறார். அங்கே ‘நெப்பியா’ என வரும் மூடுபனிக்கே நான் ‘புகார்’ என்ற சொல்லைப் பயன்படுத்த விரும்புகிறேன். அதே சொல்லை முக நிழலுக்கும் இட்டால் பக்கம் குழம்பும்.

ஒற்றுப் பற்றி: வினைத்தொகை அழகானதே, ஆனால் மெய்ப்புத் திருத்துபவர் அதைப் பிழை என்று எண்ணிக் ககர ஒற்றைச் சேர்த்துவிடுவார். முன்பு ஒரு நூலில் இப்படித்தான் பாதி இடத்தில் ஒற்று வந்தும் பாதியில் வராமலும் அச்சாகி நான் தலைகுனிந்தேன். ஆகவே ஒற்றோடே எழுதுகிறேன்.

முதல் இடத்தில் மட்டும் ‘ஸ்ஃபுமாட்டோ என்னும் புகைக்கரைவு’, பிறகு ‘புகைக்கரைவு’, பெயரடை ‘புகையாய்க் கரைந்த விளிம்பு’, வினை ‘புகையாய்க் கரைத்தல்’. இதழாசிரியர் கேட்ட கதவும் இருக்கும். இதை ஏற்பவர்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

அனுப்புநர்: ஓவிய ஆசிரியை

ஏற்கிறேன். வகுப்பில் நாங்கள் வழக்கம்போல ‘கரைவு’ என்றே சுருக்கிக்கொள்வோம்.

அனுப்புநர்: இதழாசிரியர்

அட்டவணையில் ‘ஸ்’ வரிசையிலும் ஒரு பதிவு இருக்குமானால் ஏற்கிறேன்.

அனுப்புநர்: வேதியியலர்

செய்முறைக்கு அது பிழையான பெயர் என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனாலும் ஏற்கிறேன், வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது.

அனுப்புநர்: யாழ்ப்பாணத்து நண்பர்

புகையும் லியொனார்டோவின் தனி ஆய்வுப்பொருள் என்று மொழிபெயர்ப்பாளரே எழுதியிருக்கிறார். புகாரை விலக்கிய அதே காரணம் புகையையும் விலக்க வேண்டும். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மூடுபனிக்குப் ‘புகார்’ என்று நூலில் வருவது மகிழ்ச்சியே. அடிக்குறிப்பில் அதை ‘இலங்கை வழக்கு’ என்று மட்டும் குறித்துவிடாதீர்கள்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (பணி ஓய்வு)

புகு, புகை, புகர், புகார் பற்றிய குறிப்பு இப்போது ஏழு பக்கமாகியிருக்கிறது. இணைத்துள்ளேன்.